அறுபத்துமூன்று நாள் கௌரவம்

பனைக்கரைப் பிரதேச சபைக்கு உறுப்பினர்கள் இருபது பேர் என்பது சட்டம். இருபது பேருக்கும் இருபது கதிரை உண்டு என்பது சபையின் தளபாட இடாப்பு. அதில் இருபதாவது கதிரையில் ஒன்பது மாதமாக ஒருவரும் இருக்கவில்லை. ஆனாலும் அந்த ஒன்பது மாதத்துக்குள் அந்தக் கதிரைக்கு உரிய கௌரவ உறுப்பினர்கள் மூன்று பேர் பதவியேற்று, மூன்று பேரும் பதவி விலகியும் விட்டார்கள். அதற்குப் பெயர் சனநாயகம். சிரிக்காதேங்கோ, எல்லாம் அரசாங்க வர்த்தமானியில் வந்த விசயம்.

ஒரு மதகால் வந்த வினை இது. தொண்டைமானாற்றுப் பக்கம் ஆலடி ஒழுங்கை என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. இருபத்துமூன்று வீடுகள். ஒழுங்கை வாயில் கிடந்த மதகு இடிந்து எத்தனையோ மாரி போய்விட்டது. ஐப்பசி பிறந்தால் வெள்ளம் வடிய வழியில்லாமல் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, மனிதர் மாதிரிக் குசினி வரைக்கும் போகும்.

ஒழுங்கையில் பள்ளமான வீடு குணலட்சுமியுடையது. புருசன் கட்டார் நாட்டில். அந்த மனிசன் மூன்று வருசம் வெய்யிலில் காய்ந்து அனுப்பியதில், வீட்டின் முன்பக்கமாக ஒரு தையலறை கட்டி, மோட்டர் பூட்டிய மெசினில் சட்டை தைத்துச் சீவிக்கிற மனுசி அவள். தேர்தலுக்கு முந்தின மாரியில் வெள்ளம் அந்த மோட்டரை எரித்தது. அதோடு விட்டதா? ஒரு கலியாணப் பெண்ணின் கூறைச்சேலைச் சட்டையையும் சேற்றில் போட்டுப் புரட்டிவிட்டது. பெண்ணின் தாய் வாசலில் நின்று பேசிய பேச்சை நான் இங்கே எழுத ஏலாது. குணலட்சுமி அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராகப் பிரதேச சபைக்குப் போனாள்.

சபைச் செயலாளர் செபநாயகம் நல்ல மனிதர். கதிரை காட்டி இருக்கச் சொல்லிவிட்டுத்தான் இல்லையென்று சொல்லுவார்.

"மதகு இடிஞ்சது எங்களுக்கும் தெரியும் தங்கச்சி. தெரியும் எண்டதுக்காக நடவடிக்கை எடுக்க ஏலுமோ? ஓர் உறுப்பினர் பிரேரணை கொண்டுவர வேணும்."

"எங்கடை வட்டார உறுப்பினர் மூண்டு மைலுக்கு அங்காலை இருக்கிறார் ஐயா. அவரின்ரை ஒழுங்கைக்குத் தார் போட்டு முடிஞ்சுது. இனி அவருக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப நீங்கள் உங்களுக்கெண்டு ஒரு உறுப்பினரை உண்டாக்குங்கோ. தேர்தல் வருகுதுதானே."

செபநாயகம் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் ஆலடி ஒழுங்கையில் கனகசபாபதி இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

கனகசபாபதி காணிக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் மூன்று பிரதியில் எழுதுகிறவர். மனைவி மீனாம்பிகையிடம் தேத்தண்ணி கேட்பதைத் தவிர வேறெதையும் அவர் வாயால் கேட்டது கிடையாது. அவர் தேர்தல் சட்டத்தைப் படித்துவிட்டு ஒழுங்கையைக் கூட்டினார்.

"பன்னிரண்டு வட்டாரத்துக்குப் பன்னிரண்டு வேட்பாளர். மேலதிகப் பட்டியலுக்குப் பதினொரு பேர். ஆக மொத்தம் இருபத்துமூண்டு. எங்கடை ஒழுங்கையிலை வீடு எத்தினை? இருபத்துமூண்டு. சட்டம் எழுதினவன் ஆலடி ஒழுங்கையை மனசிலை வைச்சுத்தான் எழுதியிருக்கிறான்."

வீட்டுக்கு ஓர் ஆளாகச் சுயேச்சைக் குழு உண்டானது. பெண்கள் இத்தனை வீதம் வேண்டுமென்றும் சட்டம் கேட்டபடியால் குணலட்சுமியிடம் வந்தார்கள். "நீ பேரைத் தா பிள்ளை, மிச்சத்தை ஆம்பிளையள் நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்றார்கள். மதகு வந்தால் போதுமென்று அவளும் கையெழுத்து வைத்தாள். பனைமரச் சின்னம் கேட்ட குழுவுக்கு வீடு கூட்டுகிற தும்புத்தடிச் சின்னம் கிடைத்தது. அதிலும் ஒரு நன்மை இருந்தது. வாக்குக் கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் வாசலில் ஒரு தும்புத்தடி நின்றது. எல்லாரும் எங்கள் பக்கந்தான் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

தேர்தல் முடிந்தது. பன்னிரண்டு வட்டாரத்திலும் தோல்வி. சும்மா தோல்வியில்லை, ஆற அமரத் தோற்ற தோல்வி. பொன்னம்பலம் என்கிற வெங்காயக் கமக்காரருக்குக் கிடைத்தது ஒன்பது வாக்கு. அவருடைய சகோதரங்கள் மட்டும் பதினொரு பேர். ஒழுங்கையே தலையில் கைவைத்திருந்த நேரம், ரியூசன் மாஸ்ரர் சிவரூபன் கல்குலேற்றரோடு ஓடிவந்தார்.

"அழாதேங்கோ! தனித்தனியாப் பாத்தால் நாங்கள் பன்னிரண்டு இடத்திலையும் தோத்திருக்கிறம். ஆனால் விகிதாசாரச் சட்டப்படி தோல்வி எல்லாத்தையும் கூட்ட வேணும். அறுநூற்றுப் பதினொரு வாக்கு. கூட்டிப் பிரிச்சால் எங்களுக்கு ஒரு ஆசனம்!"

"அப்ப நாங்கள் வெண்டிட்டமோ?" என்று கேட்டார் பொன்னம்பலம்.

"இல்லை. தோத்துத்தான் இருக்கிறம். ஆனால் உள்ளுக்குப் போறம்."

எவ்வளவு பெரிய சட்டம் பாருங்கோ. கொஞ்சமாகத் தோற்றவன் வீட்டுக்குப் போகிறான். ஊர் முழுக்கத் தோற்றவன் சபைக்குப் போகிறான்.

ஆசனம் ஒன்று, ஆட்கள் இருபத்துமூன்று. மற்றக் கட்சிகள் என்ன செய்கின்றன? சுழற்சி முறை. இப்போது நாட்டில் அதுதான் நாகரிகம். முன்னே கலியாண வீட்டில் பந்திக்குப் பந்தி ஆள் மாறும். இப்போது பதவிக்கும் பந்தி வந்துவிட்டது. "நாங்கள் என்ன குறைஞ்ச ஆக்களோ?" என்று ஒழுங்கை கேட்டது.

சிவரூபன் கணக்குப் பார்த்தார். நாலு வருசத்தை இருபத்துமூன்றால் பிரித்தால் ஆளுக்கு அறுபத்துமூன்று நாளும் பன்னிரண்டரை மணித்தியாலமும். நாயன்மார் எண்ணிக்கை, நல்ல சகுனம் என்று கனகசபாபதி பன்னிரண்டரை மணித்தியாலத்தைத் தள்ளிவிட்டார். சன்னிதிக் கோயிலுக்குப் போய்த் திருவுளச்சீட்டுப் போட்டு வரிசை எடுத்தார்கள். தவணை முடிந்தால் விலகுவேன் என்று இருபத்துமூன்று பேரும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தார்கள். முதல் சீட்டு கனகசபாபதிக்கு விழுந்தது. இரண்டாவது சிவரூபன். ஐந்தாவது குணலட்சுமி. ஆறாவது பொன்னம்பலம்.

கௌரவ உறுப்பினர் கனகசபாபதி அறுபத்துமூன்று நாளில் இரண்டு அமர்வுக்குப் போனார். முதல் அமர்வில் தவிசாளர் தெரிவு. இரண்டாவது அமர்வில், கூட்ட அறிக்கையின் இடதுபக்க ஓரம் ஒன்றரை அங்குலம் விடப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி ஒன்றரை மணித்தியாலம் உரையாற்றினார். போகிற போக்கில் மதகுப் பிரேரணைக்கு அறிவித்தலும் கொடுத்தார். சபை விதிப்படி ஓர் அமர்வில் அறிவித்தல், அடுத்த அமர்வில் பிரேரணை, அதற்கடுத்த அமர்வில் தொழில்நுட்ப அறிக்கை. மூன்றிலும் பிரேரித்தவர் கதிரையில் இருக்கவேண்டும். அறுபத்துமூன்று நாள் முடிந்தது. கனகசபாபதி சத்தியவான், விலகினார். பிரேரணை செத்தது.

அடுத்தது சிவரூபன். இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். விலகல் கடிதம் தேர்தல் கந்தோருக்குப் போய், மேசை மேசையாக இளைப்பாறி, புதுப்பெயர் வர்த்தமானியில் வர எழுபது நாள். கனகசபாபதியின் தீர்ப்போ இப்படி இருந்தது:

"முதல் ஆள் விலகின நிமிசத்திலை அடுத்த ஆளின்ரை தவணை தொடங்கும். இடையிலை வெற்றிடம் விட நிர்வாக முறையிலை இடமில்லை."

"அண்ணை, எழுபதை அறுபத்துமூண்டிலை கழிச்சால் மைனஸ் ஏழு" என்றார் சிவரூபன். "நான் பதவியேற்க ஒரு கிழமைக்கு முன்னமே என்ரை பதவி முடிஞ்சு போகுமே?"

"ஓம். அதாலை நீர் காலையிலை சத்தியப்பிரமாணம் எடுத்துப்போட்டுப் பின்னேரம் இராஜினாமாச் செய்யலாம். அலைச்சல் இல்லை."

சிவரூபன் கவலைப்பட்டாரா? ஏன் கவலைப்படுவார்! வர்த்தமானியில் பெயர் வந்துவிட்டதே. காலையில் சமாதான நீதவான் முன் சத்தியம், மத்தியானம் பொன்னாடை, பின்னேரம் விலகல், இருட்ட முன்னமே படலையில் 'முன்னாள் கௌரவ உறுப்பினர்' என்று பலகை. ரியூசன் நோட்டீசிலும் போட்டார். பிள்ளைகள் கூடி வந்தார்கள். மூன்றாவது ஆள் வசந்தினி அந்தப் பட்டத்தைத் தைப்பொங்கல் வாழ்த்தில் போட்டு முகநூலில் விட்டாள். நாலாவது ஆள் மூக்குக்கண்ணாடி வாங்கினார். கண் நல்லாகத்தான் தெரியும், ஆனால் படத்துக்கு எடுப்பாக இருக்குமாம். இடையில் ஒரு மாரி வந்தது, வெள்ளம் வந்தது, குணலட்சுமி மெசினைக் கட்டிலில் ஏற்றிவிட்டு முழங்கால் தண்ணியில் நின்றாள். இரண்டு முன்னாள்களும் இரண்டு எதிர்காலமும் பார்த்து அனுதாபப்பட்டார்கள்.

வைகாசியில் குணலட்சுமியின் பெயர் வர்த்தமானியில் வந்தது. காலையில் சத்தியம் செய்தாள். பொன்னாடை போர்த்தார்கள். துணி மட்டமென்று தொட்டவுடனே அவளுக்குத் தெரிந்தது. பின்னேரம் கனகசபாபதி விலகல் கடிதத்தை மூன்று பிரதியில் கொண்டுவந்தார்.

"கையெழுத்தை வையும் பிள்ளை. ஒரு கிழமை பிந்திப்போச்சு."

"வைச்சிட்டுப் போங்கோ அண்ணை."

"எப்ப வந்து எடுக்கிறது?"

"மதகு கட்டினாப் பிறகு."

கனகசபாபதிக்குத் தலை சுற்றியது. நாற்பது வருச உத்தியோகத்தில் இப்படியொரு முறைகேட்டை அவர் கண்டதில்லை.

மாத முடிவில் குணலட்சுமி சபைக்குப் போனாள். இருபதாவது கதிரையில் பழைய கோவைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் அவற்றைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். செபநாயகம் ஓடி வந்தார்.

"தங்கச்சி, என்ன, இருக்கிறீங்கள்?"

"ஏன் ஐயா, இருக்கக் கூடாதோ?"

"இருக்கலாம், இருக்கலாம். வழக்கமில்லை. அதுதான் கேட்டனான்."

அறிவித்தல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஒழுங்கை கொதித்துப்போய் நின்றது. அவசரப் பொதுக்கூட்டம் போட்டுக் கனகசபாபதி குற்றப்பத்திரிகை வாசித்தார். முதலாம் குற்றம், சத்தியத்தை மீறியமை. இரண்டாம் குற்றம், பதவியேற்ற பின்னும் பதவியில் இருந்தமை. மூன்றாம் குற்றம், ஆசனத்தில் அமர்ந்தமை.

"உனக்குப் பின்னாலை பதினெட்டுப் பேர் நிக்கிறம்" என்று பொன்னம்பலம் சொன்னார். "ஆவணியிலை என்ரை மகள் உதயகலாவுக்குக் கலியாணம். அழைப்புக் காட் அடிக்கிறதை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். 'கௌரவ' எண்டு போடாமல் காட் அடிச்சால் மாப்பிளை வீடு என்ன நினைக்கும்? அவையின்ரை பக்கத்திலை ரெண்டு முன்னாள் இருக்கினம் தெரியுமோ?"

"பொன்னம்பலம் அண்ணை, போன மாரிக்கு உங்கடை வெங்காய மூட்டை மிதந்தது மறந்து போச்சோ?"

"வெங்காயம் அழுகும் பிள்ளை, திரும்ப நடலாம். மானம் போனால் நடேலாது."

"உவள் பதவி ஆசை பிடிச்சவள்" என்றாள் பின்னாலிருந்து வசந்தினி.

குணலட்சுமி எழும்பி முன்னுக்கு வந்தாள். "ஓம், ஆசைதான்!" என்று கத்தினாள். "வெள்ளம் வராத வீட்டிலை ஒரு மாரி படுத்தெழும்ப ஆசை! உங்களிலை ஒருத்தருக்கும் அந்த ஆசை இல்லையோ? மூண்டு அமர்வு, அவ்வளவுதான். நீங்கள் விசாரணை வையுங்கோ, பேந்து தூக்கில போடுங்கோ."

விசாரணைக்கு முறைப்படி நாள் குறித்தார்கள். முறைப்படி என்றால் தெரியுந்தானே, ஒத்திப்போனது. அதற்குள் இரண்டாவது அமர்வு வந்து, குணலட்சுமி எழும்பி நாலே வசனத்தில் பேசிவிட்டு உட்கார்ந்தாள். மற்றப் பத்தொன்பது பேரும் அசந்து போனார்கள். அந்தச் சபையில் நாலு வசனத்தில் யாரும் நிறுத்தினது கிடையாது. எதிர்க்கிறதா ஆதரிக்கிறதா என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்காதபடியால் பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. இனித் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றுதான் பாக்கி. அன்று பின்னேரம் அவள் மெசினில் இருந்து பாட்டும் முணுமுணுத்தாள்.

நல்லூரில் கொடியேறுகிற கிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிருஷன் அளவு நாடாவும் பழைய நில அளவை வரைபடமுமாக ஒழுங்கைக்கு வந்தார். சின்னப் பெடியன், படித்ததை அப்படியே செய்கிற வயது. மதகை ஒரு நிமிசம் பார்த்தார். வரைபடத்தைப் பத்து நிமிசம் பார்த்தார். பிறகு ஒழுங்கையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் நாடா பிடித்தார். இருபத்துமூன்று வீடும் படலைக்கு வந்துவிட்டது.

"மதகு கட்டலாம் அக்கா, அது ரெண்டு கிழமை வேலை" என்றார். "ஆனால் மதகுக்குத் தண்ணி வந்து சேர வாய்க்கால் வேணுமே. வரைபடத்திலை ரெண்டு பக்கமும் ரெண்டரை அடி வாய்க்கால் இருக்குது. இங்கை காணேல்லை."

"எங்கை போச்சு?"

"உங்கடை மதிலுகளுக்கு உள்ளை நிக்குது."

 எங்கள் ஊர் வேலிக் கதியாலுக்குக் கால் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருசா வருசம் வேலி அடைக்கும்போது அது அரை அடி வெளியே நடக்கும். அப்பன் அரை அடி, மகன் அரை அடி, பிறகு வெளிநாட்டுக் காசில் மதில் கட்டும்போது ஒரு அடி. ஒருத்தரும் களவெடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நடந்த அளவுக்குத்தான் அவரவரும் நடந்தார்கள்.

"அந்த வரைபடம் பழசு" என்றார் கனகசபாபதி. அவருடைய மதில் மூன்றடி வந்திருந்தது. காணிக் கந்தோரில் இருந்தவரல்லவா, அரை அடி கூட எடுக்க உரிமை உண்டு.

"பழசுதான் ஐயா. கீழை உங்கடை கையெழுத்துத்தான் இருக்குது" என்றார் நிருஷன்.

பிறகு அந்தப் பெடியன் வீடு வீடாகப் போய் வாய்க்கால் வரவேண்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். மதிலில் கோடு, படலைத் தூணில் கோடு, பொன்னம்பலத்தின் கலியாணப் பந்தல் போட இருந்த முற்றத்தில் கோடு. குணலட்சுமியின் வீட்டில் கோடு மதிலோடு நிற்கவில்லை. தையலறைக்குள் ஏறி, வெட்டுகிற மேசைக்குக் கீழால் ஓடி, மெசினின் காலடியில் போய் முடிந்தது.

"உவ்வளவும் உடைக்க வேணும் அக்கா. அடுத்த அமர்விலை நீங்கள் அறிக்கையைச் சமர்ப்பிச்சால் சரி. உடனை வேலை தொடங்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

குணலட்சுமி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அறையில் ஒவ்வொரு கல்லும் புருசன் மூன்று வருசம் வெய்யிலில் நின்ற கல். அத்திவாரம் வெட்டின நாள், இன்னும் கொஞ்சம் முன்னால் இழுங்கோ மேசன், எல்லாரும் இழுத்திருக்கினம்தானே என்று சொன்னது அவளுடைய வாய்தான். வெள்ளம் வந்தால் மெசினைக் கட்டிலில் ஏற்றலாம். அறையை எதில் ஏற்றுவது?  அழவும் வெட்கமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஒழுங்கை முழுக்க நின்றது.  நேற்றுவரை விலகு விலகு என்று குதித்தவர்கள், இன்றைக்குக் கோயில் வாசலில் நிற்கிற மாதிரிக் கைகட்டி நின்றார்கள். அவள் விலகினால் பிரேரணை சாகும் என்பது விதி. எல்லாருக்கும் விதி தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

"பிள்ளை" என்று தொடங்கிய பொன்னம்பலம் மதிலில் கிடந்த கோட்டை விரலால் அழித்துப் பார்த்தார்.

"கனகசபாபதி அண்ணை" என்றாள் குணலட்சுமி. "அந்தக் கடிதத்தை எங்கை வைச்சனீங்கள்?"

"உம்மடை மெசின் லாச்சிக்குள்ளை பிள்ளை. மூண்டு பிரதியும் இருக்கும்."

எடுத்து மூன்றிலும் கையெழுத்து வைத்தாள். சன்னிதியில் செய்த சத்தியத்தைக் காப்பாற்றிய பெண் என்று கனகசபாபதி அந்த இடத்திலேயே ஒரு சிற்றுரை ஆற்றினார். குற்றப்பத்திரிகை மீளப்பெறப்பட்டது. வசந்தினி கட்டிப்பிடித்து அழுதாள். பொன்னம்பலத்தின் பெயர் வர்த்தமானியில் வரத்தான் எழுபது நாள். அழைப்புக் காட்டில் 'கௌரவ' வருவதற்கு அவர் அவ்வளவு காத்திருக்கவில்லை. உதயகலாவின் கூறைச்சேலைச் சட்டையைக் குணலட்சுமியே கூலியில்லாமல் தைத்துக் கொடுத்தாள். ஒழுங்கையில் அப்படியொரு ஒற்றுமையை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பெய்தது. வெள்ளம் படலையைத் தள்ளிக்கொண்டு இருபத்துமூன்று வீட்டுக்குள்ளும் போனது. நாலாம் நாள், முழங்கால் தண்ணியில் நின்றபடியே ஆலடி ஒழுங்கை கூடி, மேலிடத்துக்கு ஒரு மகஜர் எழுதியது. "எமது ஒழுங்கையின் அவலத்தை எடுத்துரைக்க இச்சபையில் ஒருவர்கூட இல்லை என்பதை மிகுந்த மனவேதனையுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று கனகசபாபதி மூன்று பிரதியில் எழுதி முடித்தார். மனவேதனை உண்மையாகவே இருந்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

முதல் கையெழுத்தைக் குணலட்சுமியை வைக்கச் சொன்னார்கள். தாள் நனையாமல் தலைக்கு மேலே பிடித்து, சுவரில் சாத்தி வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனையைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், ஏதோ நினைவு வந்து, "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று சொல்லித் திரும்ப வாங்கினாள். கையெழுத்துக்குக் கீழே, ஓர் எழுத்தும் தவறாமல், 'முன்னாள் கௌரவ உறுப்பினர்' என்று எழுதிவிட்டுப் பேனையை அடுத்த ஆளிடம் நீட்டினாள்.